நாலாம் நம்பர் பிரஸ்ஸின் கதவு

அத்தியாயம் 4

"நீங்க கழட்டின கதவு என்ன கலர்?"

மேடம் இதைத் துணிக்கடையில் விசாரிப்பது போலத்தான் கேட்டார். வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பிரஸ்காரர், அதாவது தொழிற்சாலையில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷினை ஓட்டுகிறவர், தலையை நிமிர்த்தினார். அவர் வலது கையில் மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டு. பன்னிரண்டு நாளைக்கு முன்பு வரை அந்தக் கையில் ஐந்து விரல்கள் இருந்தன. இப்போது இரண்டு.

"கலரா?"

"ஆமா. மெஷின்ல இருந்த பாதுகாப்புக் கதவை நானேதான் கழட்டினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. அந்தக் கதவு."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தார். சுவரில் விடை எதுவும் எழுதியிருக்கவில்லை.

"பச்சை," என்றார். மேடம் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, சாம்பல்," என்றார். கடைசியில் குரல் இறங்கிவிட்டது. "நீங்களே சொல்லிடுங்க மேடம். நான் ஒத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் செருப்புக் காலால் என் காலை மிதித்தார்.

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் இந்தப் புத்தகத்தை வாங்கி நடுவில் பிரித்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மேடம் முன்பு தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவர். போன இடத்திலெல்லாம் சட்டப் புத்தகத்தை முதலாளிகளுக்கு உரக்க வாசித்துக் காட்டிய குற்றத்துக்காக எட்டு முறை மாற்றல் வாங்கியவர். ஒன்பதாவது உத்தரவு வந்தபோது, "நானே மாறிக்கறேன்," என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். அவருடைய ஆயுதம், கைப்பையில் சுருட்டி வைத்திருக்கும் ஒரு தையல்காரர் டேப். அவருடைய இன்னொரு ஆயுதம் நான். வாயை மூடுவதில்லை என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர். இந்தப் பெயரை வைத்தது மேடம்தான். அணைக்கிற குமிழ் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை என்று அடிக்கடி அலுத்துக்கொள்வார்.

"எத்தனை ஸ்க்ரூ கழட்டினீங்க?" என்றார் மேடம்.

"ஞாபகம் இல்ல."

"கழட்டி எங்கே வெச்சீங்க?"

"அதுவும் ஞாபகம் இல்ல."

"அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு முதலாளியோட மச்சான் வந்தார் மேடம். அவர்தான் எங்க பாதுகாப்பு அதிகாரி. ஒரு டஜன் ஆப்பிள் கொண்டுவந்தார். 'மெஷின்ல கதவு இல்லையே, பார்த்தியா?'ன்னார். இல்லதான். 'அதுல வேலை பார்த்தது நீதானே?'ன்னார். நான்தான். 'அப்போ நீ கழட்டலைன்னா வேற யார் கழட்டியிருப்பா?'ன்னார். நானும் படுத்துக்கிட்டே யோசிச்சுப் பார்த்தேன். நியாயமாத்தான் பட்டுச்சு."

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"டப்பா மூடி அச்சுல சிக்கிக்கிச்சு. எடுக்கக் கையை விட்டேன். பிரஸ் தானா இன்னொரு தடவை இறங்கிடுச்சு." அவர் கட்டைப் பார்த்தார். "நான் கழட்டாம இருந்திருந்தா இது நடந்திருக்காது இல்லையா மேடம்? எல்லாம் என் தப்புதான்."

எனக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷனிடமிருந்து விரலையும் எடுத்து, மிச்சமிருந்த விரலில் குற்றத்தையும் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"முதலாளி எப்படி?"

"தங்கமானவர் மேடம். வருஷத்துக்கு ஒருநாள் அரசாங்க ஆய்வாளர் வருவார். அன்னிக்கு எங்க எல்லாருக்கும் சம்பளத்தோட லீவு விட்டுடுவார்."

மேடம் அதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அதுவரை பேசாமல் நின்ற மனைவி இரண்டாவது தாளை நீட்டினார். நேற்று எங்கள் ஆபீஸ் படியேறி வந்து மேடத்தைப் பிடித்தவர் இவர்தான். துணி தைப்பவர். விரல் நுனிகளில் ஊசி குத்திய தடம். தாளில் இருந்தது இவ்வளவுதான்: என் கணவர் கதவைக் கழற்றியது எனக்குத் தெரியும், எனக்கு முழுப் பயிற்சி அளிக்கப்பட்டது, மெஷினில் ஏதாவது நேர்ந்தால் நானே பொறுப்பு.

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு வேலை தர்றாங்க," என்றார். "இன்னிக்கு ரெண்டு மணி ஷிப்டு. அவர் உட்கார்ந்த அதே நாலாம் நம்பர் பிரஸ்."

"போகாதேன்னு சொல்லிட்டேன் மேடம்," என்றார் கணவர்.

"போகலைன்னா சாப்பிட என்னங்க வழி? தையல்ல வர்றது ரெண்டு பிள்ளைங்களுக்குப் பத்தாது." அவர் மேடம் பக்கம் திரும்பினார். "அக்கா, இவர் கழட்டியிருக்க மாட்டார். வீட்டுல ஒரு பல்பு கழட்டணும்னாலும் என்னைத்தான் கூப்பிடுவார். ஆனா அந்தக் கதவு எங்கே போச்சுன்னு தெரியாம நான் எப்படிச் சொல்றது?"

மணி பதினொன்றரை. மேடம் எழுந்தார்.

"கையெழுத்துப் போடாம ரெண்டு மணி வரைக்கும் இழுத்துப் பிடிங்க. கதவை நான் கண்டுபிடிக்கறேன்."

---

அது தகர டப்பாக்களுக்கு மூடி செய்கிற தொழிற்சாலை. ஊர் உலகத்தில் உள்ள டப்பாவுக்கெல்லாம் மூடி போடுகிறவர்கள், தங்கள் மெஷினுக்கு ஒன்று போட மறந்துவிட்டார்கள்.

உள்ளே நுழைய நான் காலையிலேயே போனில் பேசி வைத்திருந்தேன். "உங்க பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்க்க வர்றோம்," என்று மட்டும்தான் சொன்னேன். அதில் பொய்யே கிடையாது. "விருதுக்கா?" என்று கேட்டு, "ரொம்ப சந்தோஷம், வாங்க," என்று பதிலும் சொல்லிக்கொண்டது முதலாளிதான்.

கேட்டில் ஒரு பெரிய பலகை. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, அதன் கீழே கொக்கிகளில் எண் தகடுகள் தொங்கின: 1412.

"போன வாரத்துக்கு முந்தின வாரம் மூணு விரல் போச்சே?" என்றேன், வரவேற்க வந்த மச்சானிடம்.

"அது விபத்து இல்லைங்க, கவனக்குறைவு," என்றார் மச்சான். "அதுக்குத் தனிக் கணக்கு."

மச்சானுக்குச் சட்டைப்பையில் நாலு பேனா, கழுத்தில் விசில், முகத்தில் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவரின் அமைதி. பாதுகாப்பு அதிகாரி வேலையோடு லாரி ஏற்பாடு, தோட்டம், முதலாளி வீட்டு நாயைக் குளிப்பாட்டுவது ஆகிய துறைகளையும் கவனிக்கிறாராம். அதில் நாய்தான் ரொம்பக் கஷ்டம் என்று அவரே சொன்னார்.

எங்கள் இருவருக்கும் தலைக்கவசம், கண்ணாடி, ஒளிரும் மேல்சட்டை, காதடைப்பான் எல்லாம் மாட்டிவிட்டார்கள். எல்லாம் புத்தம் புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இத்தனையும் மாட்டிக்கொண்டு நாங்கள் போய் உட்கார்ந்தது முதலாளி அறையின் சோபாவில்.

முதலாளி பன்னீர் தெளித்தது போல மணந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு ஷோகேஸ். அதற்குள் விருதுக் கேடயங்கள். பாதுகாப்புக்கு, ஒழுங்குக்கு, பாதுகாப்பான ஒழுங்குக்கு என்று நான் முப்பத்தொன்று எண்ணினேன். ஷோகேஸுக்கு ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஆறு கதவுகள். தடித்த கண்ணாடி போன்ற பலகை, மஞ்சள் சட்டம். ஒவ்வொரு கதவின் ஓரத்திலும் ஒரு பூ ஸ்டிக்கர்.

"அழகா இருக்கே," என்றேன்.

அவ்வளவுதான், மனுஷர் மலர்ந்துவிட்டார். "எல்லாரும் சொல்றாங்க! தேக்குல பண்ணலாம்னு மச்சான் சொன்னான். எதுக்குடா வெட்டிச் செலவு, நம்ம ஸ்டோர்ல சும்மா கிடக்கறதை வெச்சே பண்ணுன்னேன். யோசனை முழுக்க என்னோடது. அதோ பாருங்க, திறப்பு விழா!"

சுவரில் ஒரு போட்டோ. இதே ஷோகேஸின் முன்னால் முதலாளி நாடா வெட்டுகிறார், பக்கத்தில் மச்சான் தட்டு பிடிக்கிறார். மேலே தோரணத்தில் தேதி. சரியாக மூன்று வருஷத்துக்கு முந்தினது.

"அந்தப் பூ ஸ்டிக்கர்?" என்றார் மேடம்.

"அழகுக்கு," என்றார் முதலாளி.

"தூசி போகாம இருக்க," என்றார் மச்சான், அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அழகான தூசி போல," என்றேன். மறுபடியும் என் கால் மிதிபட்டது.

மேடம் நேரே விஷயத்துக்கு வந்தார். "மெஷின் பாதுகாப்புக்கு என்ன பண்றீங்க?"

"எல்லாம்!" என்றார் முதலாளி. "போஸ்டர் ஒட்டறோம். உறுதிமொழி எடுக்கறோம். ஒவ்வொருத்தர்கிட்டயும் 'நான் ஜாக்கிரதையா இருப்பேன்'னு கையெழுத்து வாங்கறோம். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன பண்ண முடியும்? சில பேர் கேட்கறாங்க, மெஷினுக்குக் கதவு எங்கேன்னு. ஒரு மூடிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து மூடினா ரெண்டு செகண்ட் போகுது மேடம். ரெண்டு செகண்டுல இன்னொரு மூடி அடிச்சிடலாம்."

"ரெண்டு செகண்டுல மூணு விரலும் அடிச்சிடலாம்," என்றேன். இந்தத் தடவை மேடம் மிதிக்கவில்லை.

---

பிரஸ் கூடத்துக்குள் காலை வைத்ததுமே தரை அதிர்ந்தது. வரிசையாக ஆறு பிரஸ். நாலாவது சும்மா நின்றது. மற்ற ஐந்தும் டம் டம் என்று இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர். தகட்டை வைக்க ஒரு கை உள்ளே போகும், வெளியே வரும், பிரஸ் இறங்கும். போகும், வரும், இறங்கும். அரை நிமிஷம் பார்த்தேன். என் கைகள் இரண்டும் எனக்குத் தெரியாமலே பேன்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டன.

ஒரு மெஷினிலும் கதவு இல்லை.

"நாலாம் நம்பர் கதவை அந்த ஆள் கழட்டிட்டார். சரி," என்றார் மேடம். "மீதி அஞ்சு எங்கே?"

"சர்வீசுக்குப் போயிருக்கு," என்றார் மச்சான்.

"கதவு சர்வீசுக்குப் போனா மெஷின் நிக்கணுமே?"

"நிறுத்தினா உற்பத்தி நின்னுடுமே மேடம்," என்றார் மச்சான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

"நாலாம் நம்பர் கதவை அவர் என்ன பண்ணினார்?"

"பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்."

மேடம் டேப்பை எடுத்து, நின்றிருந்த நாலாம் நம்பரில் கதவு இருக்க வேண்டிய இடத்தை மேலிருந்து கீழே அளந்தார். "முப்பத்திரண்டு அங்குலம். உங்க கேட்டுல டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்க்கறாங்களே. இவ்வளவு பெரிய கதவை எப்படி வெளியே கொண்டு போனார்?"

மச்சான் தீவிரமாக யோசித்தார். "சட்டைக்குள்ள."

"எனக்கே காது குத்தறீங்களா?" என்றேன். "முப்பத்திரண்டு அங்குலக் கதவைச் சட்டைக்குள்ள வெச்சிட்டு அந்த மனுஷன் எப்படி உட்கார்ந்து பஸ்ஸுல போனார்?"

"நின்னுக்கிட்டுப் போயிருப்பார்," என்றார் மச்சான்.

இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு நாயைக் குளிப்பாட்டுவது கஷ்டமாகத்தான் இருக்கும்.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிட்டர் குனிந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, எண்ணெய்க் கை, இங்கே பதினைந்து வருஷ வேலை. எங்களைப் பார்த்ததும் இன்னும் குனிந்தார். மேடம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார், எண்ணெய்த் தரையில்.

"அண்ணே, கதவு இல்லாம இந்த மெஷின் ஓடக் கூடாதே. எப்படி ஓடுது?"

ஃபிட்டர் மச்சானைப் பார்த்தார். மச்சானின் போன் அடித்தது. நாய் சம்பந்தமான அழைப்பு போலிருக்கிறது, நாலடி தள்ளிப் போனார்.

ஃபிட்டர் மெஷினின் ஓரத்தைக் காட்டினார். தீப்பெட்டி அளவு ஒரு சுவிட்ச். அதன் வாயில் இரும்புத் துண்டு ஒன்று செருகி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இதுக்கு நாக்குன்னு பேர் மேடம். இது கதவுல இருக்கணும். கதவை மூடினா நாக்கு சுவிட்சுக்குள்ள போகும், மெஷின் ஓடும். திறந்தா நாக்கு வெளியே வரும், மெஷின் நின்னுடும். அப்போ உள்ளே கையை விட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"இப்போ?"

"நாக்கை மட்டும் கதவுல இருந்து கழட்டி இங்கேயே செருகியாச்சு. கதவு மூடியிருக்குன்னு மெஷின் நம்பிக்கிட்டிருக்கு."

"இதுக்கும் ஆஸ்பத்திரியில ஆப்பிள் குடுத்துதான் நம்ப வெச்சாங்களா?" என்றேன்.

"யார் செருகச் சொன்னது?" என்றார் மேடம்.

ஃபிட்டர் நாலாம் நம்பரின் டேப்பைப் பிரித்து, நாக்கை உருவி மேடத்தின் உள்ளங்கையில் வைத்தார். அதன் அடித்தகட்டில் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள், ஒரு விரல் அகல இடைவெளியில். மச்சான் போனை வைத்துவிட்டுத் திரும்பி வருவதைப் பார்த்ததும் ஃபிட்டர் ஸ்பேனரைத் தரையில் போட்டார். அதை எடுக்கக் குனிந்தபடியே சொன்னார்.

"கதவு தொலையல மேடம். தினமும் துடைக்கறாங்க."

அதன் பிறகு எதைக் கேட்டாலும் அவருக்குக் காது கேட்கவில்லை.

---

வெளியே லாரி நிறுத்துமிடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மணி ஒன்றரை. நான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

"தொலைஞ்ச கதவை யார் மேடம் துடைப்பாங்க? இந்த இடத்துல எதையுமே துடைக்கறதில்லையே! கூடத்துல ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய். ஜன்னல்ல வெளிச்சம் வரல. முதலுதவிப் பெட்டியில சிலந்தி குடும்பத்தோட இருக்கு. நான் பார்த்த வரைக்கும் பளபளன்னு இருந்தது முதலாளி ரூமுல..."

நான் நிறுத்திவிட்டேன். பிறந்ததிலிருந்து பாதி வாக்கியத்தில் நான் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"சொல்லி முடி," என்றார் மேடம்.

"வேண்டாம் மேடம். இவ்வளவு கேவலமா யாரும் இருக்க மாட்டாங்க."

"எட்டு ஊர்ல வேலை பார்த்தவ நான்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். போனை எடுத்து, பழைய அலுவலகத்தில் இன்னும் மாற்றலாகாமல் இருந்த ஒரே ஒரு ஆய்வாளரிடம் நாலு வார்த்தை பேசினார். "முன்கூட்டித் தகவல் சொல்லாம வாங்க," என்பதைத்தான் அழுத்திச் சொன்னார்.

அதே நேரத்தில் கேட்டுக்குள் பிரஸ்காரரின் மனைவி நுழைந்துகொண்டிருந்தார். ஆய்வாளர் வரும் விஷயத்தை மேடம் அவர் காதில் போட்டார். மச்சான் பாய்ந்து போய் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பயிற்சி இரண்டரை நிமிஷம் நடந்தது. "இது பிரஸ். இது மேலே போகும், கீழே வரும். கீழே வரும்போது கையை வெச்சிடாதீங்கம்மா." முடிந்தது பாடம்.

கையெழுத்து மட்டும் முதலாளி அறையில், முதலாளி முன்னிலையில் நடக்க வேண்டுமாம். போட்டோ எடுக்கப்போகிறார்களாம். 'பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வாழ்வளித்த நிறுவனம்' என்று அடுத்த கேடயத்துக்கு அடி போடுகிறார்கள்.

---

மணி ஒன்று ஐம்பது. ஷோகேஸின் முன்னால் முதலாளி சிரித்தபடி நின்றார். மச்சான் செல்போனைப் பிடித்தார். சுவருக்கு அப்பால் ஐந்து பிரஸ்களும் டம் டம் என்று அடித்துக்கொண்டிருந்தன. பிரஸ்காரரின் மனைவி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணாடி எடுத்துட்டு வரலைங்க, எழுத்து சரியாத் தெரியல," என்று இழுத்தார். சொன்னபடி இழுத்துப் பிடிக்கிறார். நல்ல பெண்மணி.

"படிக்கவே வேண்டாம்மா, போட்டா போதும்," என்றார் முதலாளி.

"போட்டோவுல அந்தப் பூ நல்லா இல்ல," என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார் மேடம். யாரும் தடுப்பதற்குள் இடமிருந்து நாலாவது கதவின் ஸ்டிக்கரை நகத்தால் கிழித்தார்.

அடியில் இரண்டு ஓட்டைகள்.

மேடம் கையிலிருந்த நாக்கை அதன் மேல் வைத்தார். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது. டேப்பை எடுத்து மேலிருந்து கீழே விட்டார்.

"முப்பத்திரண்டு அங்குலம்," என்று நான் உரக்கப் படித்தேன்.

அடுத்த கதவு, அதற்கடுத்தது. மேடம் ஸ்டிக்கர்களைக் கிழித்துக்கொண்டே போனார். ஆறு கதவு, ஆறு ஜோடி ஓட்டை. தொழிலாளியின் கையைக் காக்க மெஷினோடு வந்த ஆறு கதவுகளும் இந்த அறையில் கேடயங்களைத் தூசியிலிருந்து காத்துக்கொண்டிருந்தன. பாதுகாப்பு விருதுகளுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு!

மச்சான்தான் முதலில் சுதாரித்தார். "பார்த்தீங்களா? கதவை இங்கே கொண்டுவந்து மாட்டினதும் அவன்தான்!"

மேடம் சுவரில் இருந்த திறப்பு விழாப் போட்டோவைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இது எடுத்து மூணு வருஷம் ஆகுது. தேதி போட்டிருக்கு. கதவு ஆறும் இதுல இருக்கு, நாடாவோட." மனைவியின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் எப்போ இங்கே சேர்ந்தார்?"

"ரெண்டு வருஷம்கூட முடியலை," என்றார் அவர். 

"அவர் வேலைக்கு வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவர் கழட்டின கதவு இங்கே வந்துடுச்சு. யோசனை முழுக்க உங்களோடதுன்னு கொஞ்ச நேரம் முன்னாடி நீங்களேதான் சொன்னீங்க." மேடம் முதலாளியைப் பார்த்தார். "ஆய்வாளர் வர்ற அன்னிக்கு மட்டும் கழட்டிக் கீழே கொண்டு போய் மாட்டுவீங்க. நாக்கு சுவிட்சுல கிடக்கறதால கதவைத் திறந்தாலும் மெஷின் நிக்காது, அன்னிக்கு ஓட்டிக் காட்டினா குட்டு உடைஞ்சிடும். அதனால எல்லாருக்கும் லீவு. ஓடாத மெஷினுக்குக் கதவு போட்டுக் காட்டிட்டு, ஓடற மெஷினை மொட்டையா விட்டிருக்கீங்க."

முதலாளி திருதிருவென்று விழித்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி மேடம். ஆனா நாங்க பயிற்சி குடுத்தோம். கையெழுத்து வாங்கினோம். அவர் ஜாக்கிரதையா இருந்திருக்கணும் இல்லையா?"

"மெஷினுக்குக் கதவு போடறது உங்க கடமை. அது ஓடற நேரமெல்லாம் கதவு அங்கேயே இருக்கான்னு பார்த்துக்கறதும் உங்க கடமை. உருப்படியா வேலை கத்துக்குடுக்கறதும் உங்க கடமை. கையெழுத்து வாங்கிட்டா அதெல்லாம் அவர் தலைக்கு மாறிடாது. மனுஷன்னா ஒரு நிமிஷம் அசருவான்னு தெரிஞ்சுதான் சட்டம் கதவு கேட்குது. அசராத மனுஷனுக்குக் கதவு எதுக்கு?"

முதலாளி இறங்கி வந்தார். இறங்கி வந்ததாக அவரே நினைத்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். "ஒத்துக்கறேன். நாளைக்கே ஆறு கதவையும் மாட்டிடறேன். ஆனா லாரி வெளியே நிக்குது. இன்னிக்கு ஒரு ஷிப்டு மட்டும், இந்தம்மா ஜாக்கிரதையா ஓட்டிடட்டும். என்னம்மா?"

அந்தம்மா பேனாவை மேஜையில் வைத்தார். மேடத்தின் கையிலிருந்த இரும்புத் துண்டைப் பார்த்தார்.

"அக்கா, அந்த நாக்கை வெளியே எடுத்துட்டா மெஷின் நின்னுடுமா?"

"நின்னுடும்."

அவர் கதவைத் திறந்துகொண்டு கூடத்துப் பக்கம் போனார். மச்சான் பின்னால் ஓடப் பார்த்தார். நான் என் காலை நீட்டினேன். காலையிலிருந்து மிதி வாங்கிய காலுக்கு ஒரு வேலை வேண்டாமா?

சுவருக்கு அப்பால் ஐந்து பிரஸ்கள் அடித்துக்கொண்டிருந்தன. திடீரென்று நாலு. கொஞ்ச நேரம் கழித்து மூன்று. யாரோ கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள். இரண்டு. ஒன்று மட்டும் தனியாக டம் டம் என்று அடித்தது. அதுவும் நின்றது. முதலாளியின் மேஜை மேல் ஒரு கடிகாரம் இருப்பதே அப்போதுதான் எனக்குக் கேட்டது.

அவர் திரும்பி வந்தபோது பின்னால் ஃபிட்டர் இருந்தார், அவருக்குப் பின்னால் ஐந்து பிரஸ்காரர்கள். அதற்கு முன்பு அந்த அறைக்குள் கால் வைத்திராதவர்கள். ஷோகேஸைப் பார்த்தார்கள், ஓட்டைகளைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் கைகளைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "அடப்பாவிங்களா," என்றார், மெதுவாக.

மனைவி ஐந்து நாக்குகளையும் மேஜையில் இருந்த தாளின் மேல் வைத்தார். மேடம் ஆறாவதையும் பக்கத்தில் வைத்தார்.

"இதெல்லாம் அது அதுக்கு உண்டான கதவுல ஏறட்டும்," என்றார் மனைவி. "அப்புறம் நான் வேலைக்கு வர்றேன். இந்தத் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன்."

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!" என்றார் முதலாளி.

"அனுப்புங்க முதலாளி," என்றார் ஃபிட்டர். பதினைந்து வருஷத்தில் அவர் அந்த அறையில் பேசிய முதல் வாக்கியமாக இருக்கும். "ஆய்வாளர் வர்றாராம். அவர் வந்தா லீவுதானே?"

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. மச்சான் பழக்க தோஷத்தில் பாய்ந்து முதல் கதவைக் கழற்றக் கை வைத்தார். "கையை எடுங்க," என்றார் மேடம். "சாட்சி அது. ஜாக்கிரதை, கவனக்குறைவு ஆயிடப்போகுது."

நாங்கள் கேட்டுக்கு வந்தபோது பிரஸ்காரரின் மனைவி விபத்தில்லா நாட்கள் பலகைக்குக் கீழே நின்றிருந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எட்டி, முதல் இரண்டு எண் தகடுகளையும் கொக்கியிலிருந்து கழற்றினார். 12 என்று மட்டும் மிச்சம் இருந்தது. தகடுகளை வாட்ச்மேன் மேஜையில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னங்க? இல்ல, உட்காரல. நான் நல்லாத்தான் இருக்கேன், ரெண்டு கையும் இருக்கு." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கதவு கிடைச்சிடுச்சுங்க. மஞ்சள் கலரு. நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, மஞ்சள். நீங்க அதைக் கண்ணால பார்த்ததே இல்ல."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.  அந்தம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல், "அழாதீங்க, அழாதீங்க," என்று சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.